துனை

நாலு நாளாய் மூன்று.
பலகையில் என் கட்டில் இலக்கத்துக்கு நேரே
சோக்கால் எழுதிய மூன்று.
காலையில் அழிக்கிறார்கள்,
பிறகு அதையே எழுதுகிறார்கள்.

டொக்டர் அளவுகோல் கொண்டுவருவதில்லை.
இரண்டு விரல்.
கூரையைப் பார்த்துக்கொண்டே விரிப்பார்,
இருட்டில் சாவித்துவாரம் தேடுகிறவர் மாதிரி.
"துனை" என்பார் பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸிடம்.
சிங்களத்தில் மூன்று.
முதல்நாள் எனக்கு அது
துணை என்று கேட்டது.
யாரையும் உள்ளே விடாத வார்ட்டில்
யாரைச் சொல்கிறார் என்று
கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

பத்து ஆக வேண்டுமாம்.
பத்தென்றால் சிரட்டை வாயளவு என்று
அடுத்த கட்டில் நஸ்ஹா
இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினாள்.
காட்டிவிட்டு அவளே பயந்தாள்.

மலையில் எனக்கு அளவு தெரியும்.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று
கணக்கப்பிள்ளை கழித்த பிறகும்
மிச்சம் எவ்வளவென்று தோளே சொல்லும்.
மூன்று சென்டிமீற்றர்
அரைப்பேருக்கும் காணாது.

கர்ப்பப்பைக்கும் கழுத்து இருக்கிறதென்று
கிளினிக்கில் படம் காட்டினார்கள்.
நான் அறிந்த கழுத்து
கூடைக் கயிறு தலையில் அழுத்த
இறுகி இறுகியே பழகியது.
இதற்கு வேலை இளகுவது மட்டும்தான்,
அதுவும் என்னிடம் சொல்லாமல்.
நான் ரொட்டி தட்டும்போது,
பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது,
யதுஷாவுக்குப் பேன் பார்க்கும்போது
சத்தமில்லாமல் மூன்றுவரை வந்திருக்கிறது.

"அப்ப இன்றைக்கா மிஸ்?"
"சொல்ல ஏலாது. ரெண்டாவது பிள்ளை இப்படித்தான்.
மூன்றோடயே ஒரு கிழமை நடப்பாங்க."

வீட்டுக்கு அனுப்பவும் அவர்களுக்குப் பயம்.
கீழ்க்கணக்கிலிருந்து மெயின்ரோட்டுக்கு ஆறு கட்டை.
மழையென்றால் ஓட்டோ ஏறாது.
போன வைகாசியில் கொழுந்து லொறியில்
சாக்குகளுக்கு மேலேயே பெற்றாள் புவனலோஜினி.
எண்சாத்திரம் பார்த்து வைத்த பெயர் ஒன்று
சேர்டிபிகேற்றில் இருக்கிறது.
லயத்தில் எல்லாரும் அவனை
லொறி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இரவு போன் எடுக்கிறார், வெள்ளவத்தைக் கடையிலிருந்து.
"முதலாளி கேக்குறார், லீவு எப்ப?"
மூன்று என்கிறேன்.
"மூணாம் தேதியா?"

சூட்டுவலி வரும். வயிறு கல்லாகும்.
எழுந்து நடந்தால்
ஏமாற்றிய மழைபோல விலகிவிடும்.
மெய்வலி நடக்க நடக்கக் கூடும் என்றாள் நஸ்ஹா.
ஆகவே நடக்கிறேன்,
வயிற்றைக் கேட்டுக்கேட்டு நடக்கிறேன்.
ஜன்னலில் மூடுபனி ஏறி
எதிர்மலை லயத்து விளக்குகளை
ஒவ்வொன்றாய்த் தின்கிறது.

நஸ்ஹாவுக்கு நேற்றுக் காலை ஒன்று.
மத்தியானம் பெண்பிள்ளை.
அவள் கட்டிலில் விரிப்பு மாற்றும்போது
நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.
பொறாமை என்று ஒத்துக்கொள்ள வெட்கம்.

ஐந்தாம் நாள், விடியுமுன்,
துணியில் கோழை, நடுவே
சிவப்பு நூல் ஒன்று.
யாரையும் கூப்பிடவில்லை.
வந்து படுத்தேன்.
முதுகின் அடியில் யாரோ
நிறைந்த வாளியை இறக்கிவைத்ததுபோல் ஒன்று.
எண்ணினேன். முந்நூறு. மறுபடி வாளி.
எழுந்து நடந்தேன்.
கூடியது.

லேபர் ரூமில் புது மிஸ்.
தில்ருக்ஷி என்று நெஞ்சில் எழுதியிருந்தது.
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"பஹை."
ஐந்து.
என் காதில் பகை என்று விழுந்தது.
அந்த வலியிலும் சிரிப்பு வந்தது எனக்கு.
ஏன் சிரிக்கிறாய் என்று அவள் கேட்க,
சொல்ல வாயெடுக்குமுன் அடுத்த வாளி.
பகை என்றவளின் கையைப் பிடித்தேன்.
அவளுடைய மணிக்கூடு
என் உள்ளங்கையில் அழுந்திப் பதிந்தது.
இன்னும் ஐந்து இருந்தது.